டார்ஜில் இளவரசரின் அக்கா

"ஓ...ஹூ...ப்பி! ஓக்...கோ...னி! ஓக்...மல்...கீ!"

உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் ஐடெல்லா இஸ்திரிப் பெட்டியைச் சட்டென்று தூக்கிக்கொண்டாள். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் பேங்க் மேனேஜரின் சட்டைக் காலர் கருகியிருக்கும். கிணற்றுக்குள் இருந்து எழுந்து வருவது போன்ற குரல். கையிலிருந்த ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது அவளுக்கு. பிறகு காதைத் தீட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்டாள். சிலிர்ப்பு போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய் எல்பர்ட்டு! அதெல்லாம் நம்ம ஊரு ஆத்துப் பேருடா!"

கதவு திறந்தது. கழுத்துக்கு மேலே ஆறு கஜம் மஞ்சள் பட்டில் கட்டிய தலைப்பாகை, நடுவில் ஒரு சிவப்புக் கண்ணாடிக் கல். கழுத்துக்குக் கீழே பனியனும் தொளதொளத்த கால்சட்டையும். அந்தக் கோலத்தில் அவள் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"மெதுவாப் பேசுக்கா. தெருவுக்கே கேக்கும்."

"கேக்கட்டுமே. ஓஹூப்பியில எங்கப்பா தூண்டில் போட்டாருன்னு யாராவது வந்து கதை சொல்லுவாங்க. இதுதான் உன் இந்தியா மந்திரமா?"

"சிகாகோவுல இதைச் சொன்னா சபையில ஊசி விழுந்தா கேக்கும், தெரியுமா?"

"நம்ம மேக்கன்ல சொல்லிப் பாரு. அந்த ஓக்மல்கீ ஆத்துலயே தூக்கிப் போடுவாங்க. அரை மைல்தான், நடந்தே போயிடலாம்."

எல்பர்ட் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். "அதுதான்கா ரெண்டு நாளா முழிக்கிறேன். பதினோரு வருஷமா ஜார்ஜியாப் பக்கமே தலை வச்சுப் படுக்காததுக்கு இதுவும் ஒரு காரணம்."

பதினோரு வருஷம்! அதற்குள் அவர்களுடைய அம்மா இறந்து, லிண்டன் தோப்புக் கல்லறையில் புல் முளைத்து, அந்தப் புல்லை ஐடெல்லா நாலு முறை வெட்டியும் விட்டாள். தந்தி கிடைத்தபோது எல்பர்ட் மினசோட்டாவில் ஏதோ ஒரு ஊர் மேடையில் வாள்களை விழுங்கிக்கொண்டிருந்தான். இப்போது வந்திருப்பது அம்மாவுக்காகத்தான். வெள்ளியும் சனியும் லாக்ரிட்ஜ் அரங்கத்தில் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் அக்காவும் தம்பியும் கல்லறைக்குப் போக வேண்டும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவன் மேக்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அதுவரை யாரும் அவனை அடையாளம் கண்டுவிடக் கூடாது. கண்டால் என்ன ஆகும் என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மல்பரி தெருவின் பெரிய ஹோட்டலில், வெள்ளைக்காரர்கள் படுக்கும் மெத்தையில், இந்திய இளவரசன் என்ற பேரில் ஒரு கறுப்பன் இரண்டு ராத்திரி படுத்து எழுந்திருக்கிறான். 1936-ஆம் வருஷத்து ஜார்ஜியாவில் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

ஐடெல்லாவுக்கோ பயத்தைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது. தம்பி வந்ததிலிருந்து கேள்வியாய்க் கேட்டுத் துளைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெத்தை எப்படி இருக்கும்? காலையில் என்ன தின்னக் கொடுப்பார்கள்? எல்லோர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டுப் பகலில் இந்தத் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்தான்?

"அது ரொம்ப சுலபம்" என்றான் எல்பர்ட், சோள ரொட்டியைக் கீரைச் சாற்றில் முக்கியபடி. "தலைப்பாகையைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுட்டு, போர்ட்டர் தொப்பியை மாட்டிக்கிட்டு, சமையக்கட்டு வழியா வந்துடுவேன். தொப்பிக்குக் கீழ இருக்கிற மூஞ்சியை எவன்கா பாக்கறான்?"

"முதல்ல இந்தத் துணியைச் சுத்திக்கணும்னு உனக்கு எப்படித் தோணுச்சு?"

எல்பர்ட் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான். பதினாறு வயதில் ஒரு மருந்து விற்கும் வண்டியோடு ஓடிப்போனவன் அவன். பாஞ்சோ வாசித்து, பல்வலித் தைலம் விற்று, சீட்டுக்கட்டு வித்தை கற்று, கடைசியில் பீப்பாய்க்குள்ளிருந்து குதிக்கும் தலைப்பாகைப் பூதமாக வேஷம் கட்டினான். ஒருநாள் பர்மிங்காமில் ஆட்டம் முடிய நேரமாகிவிட்டது. ரயிலோ கிளம்பப் போகிறது. வேஷத்தைக் கலைக்க நேரமில்லை. ஓடிய ஓட்டத்தில் கதவு மாறிவிட்டது.

"எந்தக் கதவு?"

"வெள்ளைக்காரங்க உக்கார்ற கூடத்துக் கதவு."

ஐடெல்லா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஒரு போலீஸ்காரன் நேரா என்கிட்ட வந்தான். சரி, இன்னிக்கோட கதை முடிஞ்சதுன்னு நின்னேன். அவன் தொப்பியைத் தொட்டு, 'ஐயா, உங்க ரயில் எந்த பிளாட்பாரம்?'னு கேட்டான். ஐயாவாம்! நம்ம அப்பாவைச் சாகிற வரைக்கும் ஒருத்தன் அப்படிக் கூப்பிட்டதில்ல. ரயில்ல உக்காந்து அழுதேன்கா. சந்தோஷத்துல இல்ல. துணிக்குக் குடுத்த மரியாதை அது. உள்ள இருந்த தலைக்கு இல்ல."

பெயர் வந்தது ஒரு தேயிலை டப்பாவிலிருந்து. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த காகிதம் பாதி கிழிந்து, 'டார்ஜில்' என்பது வரைதான் மிஞ்சியிருந்தது. இந்துஸ்தானத்து டார்ஜில் இளவரசர்! வடக்கே கறுப்பர்களின் அரங்குகளில் ஆடும்போது, கடைசியில் அவன் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு, "நான் ஜார்ஜியாக்காரன்யா, பசிக்குது, யார் வீட்டுல கெளுத்தி மீன் பொரிச்சிருக்கீங்க?" என்பானாம். வாளை விழுங்கியதற்கு விழாத கைத்தட்டல் அதற்கு விழுமாம். வெள்ளைக்காரர்களின் அரங்கிலோ வாயைத் திறந்து சிரிக்கவும் முடியாது. சிரிப்பில் ஊர் தெரிந்துவிடும்.

மந்திரத்துக்கு வழி சொன்னது ஐடெல்லாதான். அவளுடைய காலஞ்சென்ற கணவர் ஏமஸ் ஃப்ளாரிடாவில் தண்டவாளம் போட்டவர். தூக்கத்திலும் ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வார்.

"சாப்சாப்பி. வீவாஹிச்கா. இதைச் சொல்லு. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது."

எல்பர்ட் கண்ணை மூடி, "வீ...வா...ஹி...ச்கா!" என்று இழுத்தான். இஸ்திரி மேசையே அதிர்ந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் எல்பர்ட் ஒரு சின்ன நோட்டை எடுத்தான். "இப்ப வேலைக்கு வா. இந்த ஊரு வெள்ளைக்காரங்களைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொல்லு."

"எதுக்கு?"

"மனசைப் படிக்கிறவன் எப்படிப் படிக்கிறான்னு நினைச்சே? எந்த ஊருக்குப் போனாலும் முதல்ல சமையக்காரி, கார் ஓட்டறவன், துணி வெளுக்கிறவ, இவங்களைத்தான் பாப்பேன். நாம நாற்காலின்னு நினைச்சுக்கிட்டு நம்ம முன்னாடியே எல்லாத்தையும் பேசறாங்க. நாற்காலிக்குக் காது இருக்கிறது எனக்குத்தான் தெரியும்."

ஐடெல்லாவுக்கு முதலில் தயக்கமாக இருந்தது. ஆனால் யாரிடமும் சொல்லாமல் பல வருஷம் மனதிலேயே போட்டு வைத்திருந்தவை அல்லவா? ஒன்று வாயை விட்டு வந்ததும் மற்றவையும் வரிசையாக வந்தன. டாக்டரின் கோட்டுப் பையில் குதிரைப் பந்தயச் சீட்டு. நீதிபதியின் சட்டையில் வேறொருத்தியின் முகப்பவுடர். எல்பர்ட் எழுதிக்கொண்டே சிரித்தான். தம்பியைச் சிரிக்க வைக்கும் சந்தோஷத்தில், சொல்லக் கூடாத ஒன்றும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அரங்கத்து முதலாளி சம்சாரம் இருக்காங்களே, திருமதி லாக்ரிட்ஜ், அவங்க மேலங்கியோட வலது பையில ஒரு குழந்தைச் சாக்ஸ் இருக்கும். ஒத்தைச் சாக்ஸ். கம்பளி நூல்ல பின்னினது, வெள்ளை. திங்கட்கிழமை திங்கட்கிழமை வரும். தனியா வெதுவெதுப்பான தண்ணியில அலசி, நிழல்ல காயவச்சு, அதே பையில திருப்பி வச்சுடுவேன். ஒன்பது வருஷமாச்சு. அவங்களும் ஒரு வார்த்தை கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. அவங்க வீட்டுல குழந்தையே கிடையாதுடா."

எல்பர்ட்டின் பென்சில் நகர்ந்தது.

"அதை எழுதாதே" என்றாள் ஐடெல்லா. "அதை மட்டும் விட்டுடு."

"சரிக்கா. விட்டுட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்கு ஐடெல்லா பக்கத்து வீட்டுச் செனோபியாவோடு போனாள். பக்கத்துச் சந்தில் ஏறும் இரும்புப் படி வழியாக, கறுப்பர்கள் மட்டும் உட்காரும், பருந்துக் கூடு என்று எல்லோரும் கூப்பிடும் மேல் மாடத்துக்கு. செனோபியா அந்தப் பெரிய ஹோட்டலின் சமையல்காரி. விஷயம் முழுவதும் தெரிந்தவள்.

"உன் இளவரசருக்கு நான் காலையில முட்டை பொரிச்சு அனுப்பினேன் ஐடெல்லா. முட்டைக்கு அடியில சோளக் கஞ்சியும் ஒளிச்சு வச்சேன். தட்டு கழுவின மாதிரி திரும்பி வந்துச்சு" என்று அவள் காதோடு சொன்னாள்.

"சும்மா இரு, செனோபியா."

"சும்மாத்தான் இருக்கேன். இந்த மாடத்துல நாப்பது பேருக்கு அவன் யாருன்னு தெரியும். யாராவது வாயைத் திறந்தாங்களா பாரு."

திரை விலகியது. புகைக்கு நடுவே எல்பர்ட் நின்றான். அது தன் தம்பிதானா என்று ஐடெல்லாவுக்கே சந்தேகம் வந்தது. சாப்சாப்பி மந்திரம் எடுபட்டது. வாளும் எடுபட்டது. ஆனால் மனதைப் படிக்கும் கட்டம் வந்தபோது, அவன் நோட்டில் எழுதி வைத்திருந்த டாக்டரும் நீதிபதியும் அன்றைக்கு வரவே இல்லை. அவன் தடுமாறினான். கீழே யாரோ ஒருவன், "ஏய் தலைப்பாகை, என் பாக்கெட்டுல என்ன இருக்குன்னு சொல்லேன்!" என்று கத்தினான். சிரிப்பு கிளம்பியது. ஒருவன் விசிலடித்தான். நிலைமை கைமீறிப் போவதைப் பார்த்த முதலாளி லாக்ரிட்ஜ், முன்வரிசையில் இருந்த தன் மனைவியையே மேடைக்குத் தள்ளி அனுப்பினார்.

மெலிந்த உருவம், நரை தொடங்கிய தலை. கைகளைக் கட்டிக்கொண்டு, எப்போது முடியும் என்கிற முகத்தோடு நின்றாள். எல்பர்ட் கண்ணை மூடினான். மேல் மாடத்தில் ஐடெல்லா இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம். வேண்டாம்டா.

"ஒரு சின்னக் காலைப் பார்க்கிறேன்" என்றது கிணற்றுக் குரல். "ஒரே ஒரு கம்பளிக் காலுறை. நீங்கள் வெள்ளை நூலில் பின்னியது. அதை உங்களோடு வைத்திருக்கிறீர்கள்."

அரங்கம் ஓய்ந்தது. அவளுடைய கட்டிய கைகள் அவிழ்ந்தன. எண்ணூறு பேருக்கு முன்னால், முகத்தை மறைக்கக்கூடத் தோன்றாமல், அந்தப் பெண்மணி அழுதாள். கைத்தட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மேல் மாடத்தில் மட்டும் ஒருவரும் தட்டவில்லை. தட்டத் தூக்கிய கையைச் செனோபியா கீழே இறக்கிக்கொண்டாள், ஐடெல்லாவின் முகத்தைப் பார்த்துவிட்டு.

மறுநாள் காலை எல்பர்ட் போர்ட்டர் தொப்பியோடு வந்தபோது அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். நேற்றைய ஆட்டத்தில் வியர்வையில் நனைந்த தலைப்பாகைத் துணியை வாங்கி, அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி மேசையில் விரித்தாள்.

"முங்கிட்டு இருந்தேன்கா" என்றான் அவன் கடைசியில். "கையில கிடைச்சதைப் பிடிச்சுட்டேன்."

"நீ முங்கினா பிடிச்சுக்கறதுக்கு அந்தம்மாவோட குழந்தைதான் கிடைச்சுதா?"

அவன் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. அந்தத் தெருவில் கார் நிற்பதே அபூர்வம். துணிக் கூடையை எப்போதும் டிரைவர்தான் கொண்டு வருவான். ஐடெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திருமதி லாக்ரிட்ஜ் தானே காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், தன்னந்தனியாக.

"பின்பக்கமா ஓடிடு."

"ஓடினாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க. நான் நாற்காலிக்கா. நாற்காலியாவே இருக்கேன்."

கதவு தட்டப்பட்டது. ஐடெல்லா திறந்தாள்.

"வாங்கம்மா. சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே."

திருமதி லாக்ரிட்ஜ் உள்ளே வந்தாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த வீட்டுக்குள் கால் வைப்பது அதுவே முதல் முறை. உட்காரவில்லை.

"ஐடெல்லா, ஒரே ஒரு கேள்வி. அந்தச் சாக்ஸ் பத்தி நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"எந்தச் சாக்ஸும்மா?"

"வேண்டாம். அந்த வேலை என்கிட்ட வேண்டாம்." குரல் உயரவில்லை. "நேத்து ராத்திரி முழுக்க நான் தூங்கல. செத்துப்போன என் பொண்ணே அந்த ஆள்கிட்ட வந்து சொல்லியிருக்கான்னு நினைச்சேன். விடிகாலையிலதான் உறைச்சது. வெள்ளை நூல்ல பின்னினதுன்னு சொன்னான். நான் பின்னினது மஞ்சள் நூல்ல. அது உன் கைக்கு வர்றதுக்குள்ள வெளுத்துப் போச்சு. அதை வெள்ளையா மட்டுமே பார்த்தது இந்த உலகத்துல ஒரே ஒரு ஆள். என் புருஷனுக்குக்கூட அப்படி ஒண்ணு இருக்கிறது தெரியாது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஐடெல்லாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை போதும், தம்பியின் உயிர் போய்விடும். இப்படியும் ஒரு கொடுமை உண்டா? தப்புச் செய்தவள், தப்பு என்று சொல்லக்கூட உரிமை இல்லாமல் நின்றாள்.

திருமதி லாக்ரிட்ஜின் பார்வை இஸ்திரி மேசைக்குப் போனது. ஆறு கஜம் மஞ்சள் பட்டு.

"கொட்டகையில இருந்து வந்த துணிம்மா" என்றாள் ஐடெல்லா அவசரமாக. "இளவரசரோடது. கஞ்சி போடக் குடுத்திருக்காங்க."

பார்வை நகர்ந்து அடுப்படிக்குப் போனது. அங்கே ஒருவன் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றிருந்தான். முதல் பார்வையில் அவள் கண்கள் அவனைத் தாண்டிச் சுவருக்குப் போயின. பிறகு திரும்பி வந்தன. தொப்பியைப் பிடித்திருந்த நீளமான விரல்களில் நின்றன. நேற்று ஓரடி தூரத்தில் காற்றில் அசைந்த விரல்கள்.

"இது யாரு?"

சவானாவிலிருந்து வந்த தூரத்துச் சொந்தம். ஏமஸின் சித்தப்பா பையன். ஒரு விருந்தாளி. மூன்று பொய்கள் ஐடெல்லாவின் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. அந்த மெலிந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அவள் நாலாவதாக ஒன்றைச் சொன்னாள்.

"என் தம்பிம்மா. கூடப்பொறந்தவன். பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கான்."

எல்பர்ட் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். மன்னிப்பு என்று சொல்ல முடியாதவள், அதற்குப் பதிலாகத் தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை எடுத்து அந்த அம்மாளின் கையில் வைத்துவிட்டாள். அது அவனுடைய உயிராக இருந்தது.

அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரண்டாவது இஸ்திரிப் பெட்டியிலிருந்து கருகல் வாடை வந்தது.

"நேத்து அந்த வெள்ளைன்னு சொன்ன வார்த்தை" என்றாள் திருமதி லாக்ரிட்ஜ், யாரையும் பார்க்காமல். "அதுக்கு முன்னாடி 'ஒரு சின்னக் காலைப் பார்க்கிறேன்'னு சொன்னானே. அதைச் சொல்லும்போது அவன் என்ன பார்த்தான்?"

எல்பர்ட்டின் உதடுகள் அசைந்தன. கிணற்றுக் குரல் வரவில்லை. மேக்கன்காரன் ஒருவனின் சாதாரணக் குரல்தான் வந்தது. "ஒண்ணும் பார்க்கலைம்மா."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். அந்தப் பதில்தான் வரும் என்று தெரிந்தும், கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டவள் போலிருந்தாள்.

"ஐடெல்லா, கவனமாக் கேளு. நாளைக்கு மத்தியானம் என் வீட்டுல அந்த இளவரசருக்கு விருந்து. என் புருஷன் ஒரு பாதிரியாரையும் கூப்பிட்டிருக்கார். இந்தியாவுல மதுரைன்னு ஒரு ஊராம், அங்க இருபது வருஷம் இருந்தவர். அந்த ஜனங்க பாஷையிலேயே பிரசங்கம் பண்ணுவாராம். இளவரசர்கிட்ட அவங்க பாஷையில பேசணும்னு ஆசையா வர்றார்."

எல்பர்ட் கண்ணை மூடிக்கொண்டான். வீவாஹிச்கா அங்கே உதவாது.

"இன்னிக்கு ராத்திரி ஆட்டம் முடிஞ்சதும் ஒரு ரயில் இருக்கு. அதுல அந்த இளவரசர் ஏறிடணும். உனக்காக நான் இதைச் சொல்லல. அவனுக்காகவும் இல்ல." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "அவன் இளவரசனா இருக்கிற வரைக்கும்தான் நான் ஒரு அதிசயத்தைப் பார்த்து அழுதவ. துணி வெளுக்கிறவளோட தம்பின்னு தெரிஞ்சா, நான் சாகிற வரைக்கும் இந்த ஊரு என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

நாளை ஞாயிற்றுக்கிழமை. கோயில், அதற்குப் பிறகு அம்மா. ஐடெல்லா தம்பியைப் பார்த்தாள். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது தெரிந்தது. "நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் மட்டும்..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். கேட்பதற்கு அவளுக்கு என்ன முகம் இருக்கிறது?

திருமதி லாக்ரிட்ஜ் மூலையில் துணி மடித்து வைத்திருந்த தன் வீட்டுக் கூடையை எடுத்தாள். மேலேயே இருந்த மேலங்கியின் வலது பைக்குள் கை விட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"நான் கார் வரைக்கும் தூக்கிட்டு வரேம்மா."

"வேண்டாம். திங்கட்கிழமை துணி வராது, ஐடெல்லா. இனிமே வராது."

"சரிம்மா."

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பழக்கமில்லாத இடுப்பு, கூடை ஒரு பக்கமாகச் சரிந்தது. பக்கத்து வீட்டு வாசலில் செனோபியா துடைப்பத்தோடு நின்று, பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் கிளம்பியது. நாளைக்கு லிண்டன் தோப்புக்கு அவள் தனியாகத்தான் போக வேண்டும். ஐடெல்லா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.